பெற்றோர் தங்கலாம்

உங்க நாற்காலியைத் தள்ளுறதுக்கும் ஆள் வரலையா? எனக்கும் அதே கதைதான். இங்க கொண்டாந்து நிறுத்திட்டு, "பத்து நிமிஷம் மேடம்"னு போனான். ஒரு மணி நேரமாச்சு. எனக்கு முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவ்வளவு பெரிய ஏர்போர்ட்ல பிளேன் மாறுறப்ப வழி தவறிடுவேன்னு பொண்ணு இந்தச் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வச்சுட்டா.

நீங்க போறீங்களா, திரும்புறீங்களா? டல்லாஸா? பொண்ணுக்குப் பிரசவமா? நல்லது, நல்லபடியா ஆகட்டும். நான் திரும்புறேன். நியூயார்க்குலேருந்து. ஆறு மாசம் இருக்கலாம்னு போனேன், மூணே மாசத்துல திரும்புறேன். நீங்க ஏன்னு கேக்கலை. கேக்காட்டியும் சொல்றேன். யார்கிட்டயாவது சொல்லணுங்க. கும்பகோணத்துல போய் இதைச் சொல்ல முடியாது.

என் பேரு தமயந்தி. பத்திரப்பதிவு ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் வேலை பாத்தேன். வீடு, மனை, நஞ்சை, புஞ்சை, எத்தனையோ ஆயிரம் பத்திரம் என் கைவழியாப் போயிருக்கு. பத்திரத்தைக் கையில வாங்கினா, அதுல எங்க கோளாறுன்னு மூக்குலயே தெரியும். பெருமைக்குச் சொல்லலை. சார்பதிவாளரே என்னைக் கூப்பிட்டு, "இதை ஒரு தடவை பாத்துடுங்கம்மா"ன்னுவார்.

எனக்கு ஒரே பொண்ணு. சுடர்க்கொடி. அவங்கப்பா வச்ச பேரு. அவரு போய் ஆறு வருஷமாச்சு. அவளுக்கு இப்ப முப்பத்தெட்டு. கல்யாணம் பண்ணிக் குடுத்தோம், பெங்களூர்ல. நாலு வருஷத்துல முடிஞ்சுபோச்சு. அதை விடுங்க. அப்புறம் அமெரிக்கா போனா, நல்ல வேலை. போன வருஷம் வீடு வாங்கிட்டேன்னு போன்ல காட்டினா.

நியூயார்க்குலயே பெரிய இடமாம் அது. பக்கத்துல பெரிய பூங்கா. தொப்பி போட்ட ஆள் வாசல்ல நின்னு கதவு திறந்துவிடுவான். ரஃபேல்னு பேரு, தங்கமான மனுஷன். கட்டடம் ரெண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னாடி கட்டினது. அதுக்கு அங்க தனி மவுசு. சுவரு இத்தனை கனம், உசரமான கூரை, தரையில மரத்தை மீன்முள்ளு மாதிரி அடுக்கிப் பதிச்சிருக்கு. குளிர்காலம் வந்தா சன்னலுக்குக் கீழ இரும்புக் குழாய்ல நீராவி வந்து உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம் போடும். எல்லாம் சரி. எத்தனை படுக்கையறைன்னு கேட்டேன். ஒண்ணுன்னா.

"ஒண்ணா? அப்ப நான் வந்தா எங்கடி படுக்குறது?"

"ஹால்ல சோபா இருக்கும்மா. இழுத்தா கட்டிலாயிடும்."

பாவம், விவரம் தெரியாம வாங்கிட்டாளேன்னு நினைச்சேன்.

அதை விடக் கூத்து என்னன்னா, அதுக்குப் பத்திரமே கிடையாதுங்க! நம்ம ஊர் கூட்டுறவுச் சங்கம் மாதிரி. கட்டடம் மொத்தமும் ஒரு கம்பெனி பேர்ல இருக்கு. இவ அந்தக் கம்பெனியில ஷேர் வாங்கியிருக்கா. ஷேர் வச்சிருக்கிறதால அந்த வீட்டுல குடியிருந்துக்கலாம்னு ஒரு குத்தகைக் காகிதம், அவ்வளவுதான். வாங்குறதுக்கு முன்னாடி குடியிருக்கிறவங்க கமிட்டி ஒண்ணு கூப்பிட்டு, பொண்ணு பாக்குற மாதிரி கேள்வி கேட்டு, பிடிச்சாத்தான் உள்ள விடுவாங்களாம். அந்தக் கமிட்டிக்குத் தலைவி பக்கத்து வீட்டுக் கிழவி. மிஸ்ஸஸ் ஹாலரன். எண்பது தாண்டினவ. தனி ஆளு.

போன செப்டம்பர்ல போனேன். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, "ரெண்டு மாசம் போதும்லம்மா?"ன்னா. வேலைக்குப் போற பொண்ணு, எனக்குப் பொழுது போகாதேன்னு கவலைப்படுறான்னு நினைச்சேன். "எனக்கென்னடி, ஆறு மாசமே இருக்கேன்"னு ஆறு மாசத்துக்குப் போட்டுட்டேன்.

போன மூணாம் நாளு, அவ ஆபீஸ் போனப்புறம் அவ ரூமைத் திறந்தேன். துணியெல்லாம் கண்டபடி கிடந்துச்சு. மடிச்சு வச்சேன். மேசை டிராயரை ஒழுங்குபண்ணினேன். ஒரு நோட்டு இருந்துச்சு, கையால எழுதினது. நான் படிக்கலை, நாலு பக்கம்தான் பாத்தேன். கட்டிலை சன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். சாயங்காலம் வந்தா. வாசல்படியிலயே நின்னு பாத்தா. அன்னியிலேருந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. குளிருக்காகப் போடுறான்னு நினைச்சேன்.

அப்புறம் ஒரு நாள் கோயம்புத்தூர்ல ஏதோ பெரியவங்க குடியிருப்பாம், டாக்டர், சாப்பாடு, கோயில் எல்லாம் உள்ளயே இருக்காம், வீடியோ போட்டுக் காட்டினா. "நல்லாருக்குல்லம்மா?"ன்னா. "நல்லாருக்கு, பிள்ளைங்க இல்லாதவங்களுக்கு இது பெரிய உதவி"ன்னேன். லேப்டாப்பை மூடிட்டா.

இன்னொரு நாள் சாப்பிடுறப்ப, தட்டைப் பாத்துக்கிட்டே, "அம்மா, எனக்கு வீட்டுல கொஞ்ச நேரமாவது தனியா இருந்தாத்தான் மூச்சு விட முடியுது"ன்னா. நான் பயந்துட்டேன். அவங்க அத்தைக்கு வீசிங் உண்டு. சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு ஒரு வாரம் கஷாயம் வச்சுக் குடுத்தேன். குடிச்சா.

பிறகு போன் வந்தா வெளியில மாடிப்படிக்குப் போய்ப் பேச ஆரம்பிச்சா. ஒன்பதாவது மாடி, லிஃப்ட்தான் எல்லாருக்கும், மாடிப்படியில ஒரு ஈ காக்கா இருக்காது. ஒரு ஞாயித்துக்கிழமை குப்பை போடப் போனேன். படியில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தா. ஆபீஸ்ல என்ன தொந்தரவோன்னு நினைச்சேன். போய் முதுகைத் தடவினேன். சட்டுனு எழுந்து உள்ள போயிட்டா.

நவம்பர் மாசம் ஒரு லெட்டர் வந்துச்சு.

சாயங்காலம் கோட்டுகூடக் கழட்டாம வந்து எங்கிட்ட நீட்டினா. கட்டட நிர்வாகத்துலேருந்து. விருந்தாளிங்க முப்பது நாளைக்கு மேல தங்கக் கூடாது, ஒன்பது-ஏ வீட்டுல அதை மீறியிருக்கீங்க, டிசம்பர் முடியறதுக்குள்ள விருந்தாளி காலி பண்ணணும், இல்லாட்டி நடவடிக்கைன்னு இங்கிலீஷ்ல அடிச்சிருந்தது. முப்பத்தொரு வருஷத்துல ஒருத்தர் எனக்கு நோட்டீஸ் குடுத்ததில்லைங்க.

"ரூல் மா. நான் என்ன பண்ணட்டும்? டிக்கெட்டை மாத்திடுறேன்"னா. என் முகத்தைப் பாக்கலை.

யார் பண்ணின வேலைன்னு எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. அந்த ஹாலரன் கிழவி. லிஃப்ட்ல என்னை மேலயும் கீழயும் பாப்பா. காலையில நான் இடிகல்லுல மிளகு தட்டினா, மறுநாள் ரஃபேல்கிட்ட சிரிச்சுக்கிட்டே ஏதோ சொல்லுவா. தோலு கறுப்பா இருக்கிறவ பக்கத்துல இருந்தா அவளுக்கு ஆகலை. அப்படித்தான் நினைச்சேன். நினைச்சேன் என்ன, சத்தியம் பண்ணியிருப்பேன்.

"எதையும் மாத்தாதே. நான் பாத்துக்குறேன்"னேன்.

"அம்மா, வேணாம். பிரச்சினை பண்ணாதே. ப்ளீஸ்."

"உனக்காகத்தாண்டி பண்றேன். உன் சொந்த வீட்டுல உன் அம்மா இருக்கக் கூடாதுன்னு சொல்ல இவ யாரு?"

அவ ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டா.

மறுநாள் அவ ஃபைலை எடுத்தேன். அந்தக் குத்தகைக் காகிதம் நாப்பத்தாறு பக்கம். நம்ம ஆபீஸ்ல பழைய வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரமெல்லாம் படிச்சவ நான். போன்ல டிக்‌ஷனரியை வச்சுக்கிட்டு மூணு நாள் உக்காந்தேன். சமைக்கக்கூட இல்லை. மூணாம் நாள் மத்தியானம் கண்டுபிடிச்சுட்டேன். பதினாலாவது பிரிவு. இந்த வீட்டுல ஷேர்தாரர், அவரோட கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அப்புறம் — பெற்றோர் — தங்கலாம். காலவரையறை எதுவும் இல்லை. முப்பது நாள் கணக்கெல்லாம் வெளி விருந்தாளிக்குத்தான். எனக்கு அப்ப வந்த சந்தோஷம் இருக்கே, அவ பிறந்தப்பகூட அப்படி வரலைங்க.

சாயங்காலம் அவகிட்ட காட்டினேன். அந்த வரியையே பாத்துக்கிட்டிருந்தா. முகம் வெளுத்துப்போச்சு. "நான் பேசிக்கிறேம்மா, நீ யார்கிட்டயும் போகாதே"ன்னா. பயந்த சுபாவம், அவங்கப்பா மாதிரி. சரின்னு தலையாட்டினேன்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் கீழ லாபியில வருஷாந்திரக் கூட்டம்னு லிஃப்ட்ல ஒட்டியிருந்தாங்க. சுடர் ஆபீஸ்லேருந்து இன்னும் வரலை. நான் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, லெட்டரையும் குத்தகைக் காகிதத்தையும் எடுத்துக்கிட்டு இறங்கினேன்.

முப்பது பேர் இருந்தாங்க, மடக்கு நாற்காலி போட்டு. லிஃப்ட் ரிப்பேர், பாய்லர் ரிப்பேர்னு ஏதேதோ பேசினாங்க. கடைசியில யாருக்காவது கேள்வி இருக்கான்னு ஹாலரன் கேட்டா. எழுந்து நின்னேன். "நான் ஒன்பது-ஏ. சுடர்க்கொடியின் தாயார். உங்க பதினாலாவது பிரிவைப் படிக்கிறேன்"னு ஆரம்பிச்சு, இங்கிலீஷ்ல ஒரு வரி விடாம படிச்சேன். படிச்சு முடிச்சு, "அப்படியிருக்க இந்த நோட்டீசை எந்தச் சட்டத்துல அனுப்பினீங்க?"ன்னு கேட்டேன்.

எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறாங்க. நிர்வாக ஆபீஸ்லேருந்து வந்திருந்த ஆளு, "நாங்க யாருக்கும் நோட்டீஸ் அனுப்பலையே. தாயார் தாராளமா இருக்கலாமே"ன்னான்.

"அப்ப இது என்ன?"ன்னு லெட்டரை ஆட்டினேன்.

ஹாலரன் கையை நீட்டினா. குடுத்தேன். கண்ணாடி போட்டுப் படிச்சா. ரெண்டாந்தடவை படிச்சா. கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "ஓ, இது நான் அனுப்பினது. வயசாச்சு, மறந்துட்டேன். விதியைத் தப்பாப் படிச்சிருக்கேன். மன்னிச்சுக்குங்க. நீங்க எவ்வளவு நாள் வேணாலும் இருங்க"ன்னா.

எல்லாரும் சிரிச்சாங்க. யாரோ கைகூடத் தட்டினாங்க. நான் ஜெயிச்சுட்டேன்.

ஆனா ஒண்ணுங்க. எங்க ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துப் போட எத்தனையோ பேர் வருவாங்க. பொய்ச்சாட்சி எதுன்னு எனக்குத் தெரியும். மெய்ச்சாட்சி காகிதத்தைப் பாப்பான். பொய்ச்சாட்சி யாருக்காகச் சொல்றானோ அந்த ஆளைப் பாப்பான். அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. பாத்த பார்வையில அவ்வளவு இரக்கம்.

லெட்டரைத் திருப்பி வாங்கி நானும் பாத்தேன். அப்பத்தான் ஒழுங்காப் பாத்தேன். அனுப்பின எண் இல்லை. தேதிக்குக் கீழ முத்திரை இல்லை. கையெழுத்து யாருதுன்னு பேரு இல்லை. வலது ஓரத்துல மேலேருந்து கீழ வரைக்கும் மங்கலா ஒரு சாம்பல் கோடு. என் பொண்ணு வீட்டு பிரிண்டர்ல எதை அடிச்சாலும் அந்தக் கோடு விழும். என் டிக்கெட்டுலயும் அதே கோடு இருக்கு. ஒரு நாள் வேலைக்குச் சேர்ந்தவன்கூடக் கண்டுபிடிச்சிருப்பான். நான் ரெண்டு வாரம் அந்தக் காகிதத்தைக் கையில வச்சிருந்தேன்.

மேல வந்து உக்காந்தேன். ஏழரைக்கு அவ வந்தா. கீழயே ரஃபேல் சொல்லியிருக்கணும், ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்குது.

"மீட்டிங்குக்குப் போனியாம்மா?"

லெட்டரை மேசையில வச்சேன். "இதை யாருடி எழுதினது?"

அந்தம்மாதான்னு அவ சொல்லியிருக்கலாம். ஊரே கேக்க அவங்க ஒத்துக்கிட்டாங்க. சொல்லியிருந்தா நானும் நம்பின மாதிரி இருந்திருப்பேன்.

"நான்தான்"னா.

எனக்கு என்ன வந்துச்சோ தெரியலை. "பெத்தவங்களை வெளிய அனுப்பக் காகிதத்தோட வர்ற பிள்ளைங்களை முப்பத்தொரு வருஷமாப் பாத்திருக்கேன். அந்த வரிசையில நீயும் வந்து நிக்கிறே. அவங்களாவது நிஜப் பத்திரம் கொண்டு வருவாங்க"ன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன்.

கோட்டோட அப்படியே தரையில உக்காந்துட்டா.

"நேரா சொல்றதுக்கு என்னடி?"

"எத்தனை தடவைம்மா நேரா சொல்றது? ரெண்டு மாசம் போதுமான்னு கேட்டேன். மூச்சு விட முடியலைன்னேன், கஷாயம் குடுத்தே. ஒவ்வொரு தடவையும் நீ எனக்கு ஏதோ உதவி பண்ணினே."

நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினா.

"காலேஜ் போற வரைக்கும் உனக்கும் அப்பாவுக்கும் நடுவுல படுத்தேன். ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு நாலு பேர். பெங்களூர்ல என் மாமியார் கதவைத் தட்டாம வருவாங்க, எந்த நேரமும். உங்கிட்ட அழுதேன், 'பெரியவங்க அப்படித்தான், அனுசரிச்சுப் போ'ன்னே. முப்பத்தெட்டு வயசுல முதல் தடவையா ஒரு கதவு வாங்கினேம்மா. வீடு வாங்கலை, கதவுதான் வாங்கினேன். ஒரே ஒரு பெட்ரூம்னு தேடித் தேடி வாங்கினேன். நீ மூணாம் நாளே உள்ள வந்து என் நோட்டைப் படிச்சுட்டே."

"நாலு பக்கம்தான்"னேன். இன்னைக்கு நினைச்சாலும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. அத்தனை சொல்றா, எனக்கு வந்த பதில் அது.

அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதா. அன்னைக்கு யாரும் சாப்பிடலை.

காலையில நானே சொன்னேன், "டிக்கெட்டை மாத்திடு"ன்னு.

"இரும்மா, பரவாயில்லை"ன்னா.

"வேணாம். மாத்திடு."

இன்னொரு தடவை இருன்னு சொல்லுவான்னு பாத்தேன். சொல்லலை. லேப்டாப்பைத் திறந்தா.

பதினோரு நாள் கழிச்சு டிக்கெட் கிடைச்சுது. நம்புவீங்களா, அந்தப் பதினோரு நாள் அவ என்கிட்ட பேசின மாதிரி பிறந்ததுலேருந்து பேசினதில்லை. பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனா. பெங்களூர்ல நடந்ததையெல்லாம் சொன்னா, எனக்குத் தெரியாதது எத்தனையோ. ராத்திரி தாழ் போடுற சத்தம்கூடக் கேக்கலை. நான் போறேன்னு தேதி தெரிஞ்சப்புறம்தான் என் பொண்ணு எனக்குக் கிடைச்சா. சந்தோஷப்படுறதா, அழறதான்னு தெரியலைங்க. ஹாலரன் அம்மா ஒரு நாள் டீ குடுத்தாங்க. லெட்டரைப் பத்தி அவங்களும் பேசலை, நானும் பேசலை. அவங்க மகன் கலிபோர்னியாவுல இருக்கானாம். வருஷத்துக்கு ஒரு தடவை, நாலு நாளாம்.

நேத்து ஏர்போர்ட்ல சுடர் என்னைக் கட்டிக்கிட்டு விடவே இல்லை. "அடுத்த வருஷம் வாம்மா, ஒரு மாசம்"னா. "வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு"ன்னா. பண்றேன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

எந்த வீட்டுக்கு? அதை அவகிட்ட நான் சொல்லலைங்க. ஆறு மாசம்னு அவகிட்ட சொன்னேனே தவிர, இனிமே அங்கயே இருந்துடலாம், விசாவையெல்லாம் அவ பாத்துக்குவான்னுதான் கிளம்பினேன். கும்பகோணத்து வீட்டை ஒரு பேங்க் மேனேஜர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுட்டேன், மூணு வருஷத்துக்கு. அக்ரிமெண்ட் நானே எழுதினது. ஒரு ஓட்டை கிடையாது. நானே நினைச்சாலும் அவங்களைக் கிளப்ப முடியாது. இது தெரிஞ்சா அவ உடனே திரும்பி வான்னுடுவா. மாட்டேன்.

எனக்கு ஒரு நாத்தனார் இருக்கா, திருச்சியில. கமலவேணி. ரெண்டு ரூம் பிளாட். அவளும் ஒண்டிதான். கிளம்புறப்ப அவகிட்ட, "இனி இந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லை, என் பொண்ணு ராணி மாதிரி வச்சுக்குவா"ன்னு சொல்லிட்டு வந்தேன். அவ மனசுல வச்சிருப்பா. நேத்து வரைக்கும் நேரா போய் வாசல்ல பெட்டியோட நின்னுடலாம்னுதான் இருந்தேன். நின்னா வேணாம்னு சொல்ல மாட்டா. அவ குணம் அப்படி.

ஆனா இவ்வளவையும் உங்ககிட்ட சொல்லிக்கிட்டு வர்றப்ப...

இருங்க. இங்க வை-ஃபை வருதுல்ல? ஊர்ல இப்ப காலையில பத்து மணி இருக்கும், குளிச்சு முடிச்சு உக்காந்திருப்பா. பாருங்க, ரெண்டு தடவை நம்பரைத் தப்பாப் போட்டுட்டேன். அந்த முப்பது பேர் முன்னாடிகூட இவ்வளவு பயம் இல்லை. வேணாம்னு சொல்லிட்டா? சொல்லட்டும். சொல்றதுக்கு அவளுக்கு ஒரு வழி வேணும்ல.

ரிங் போகுது.

ஹலோ... கமலவேணியா? நான் அண்ணி பேசுறேன். இல்லை, இல்லை, சுடர் நல்லாருக்கா. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லணும், எனக்காகப் பாக்கக் கூடாது. உன் வீட்டுல கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுமா?